வைட் லென்ஸில் ஃபோகஸ் ஒரு தடவை சரியாகவும் ஒரு தடவை தப்பாகவும் வந்தால்

நிறையக் காட்சியை ஒரே ஃப்ரேமில் அடக்கும், எம்எம் எண் குறைந்த வைட் லென்ஸின் ஃபோகஸ் குறை உடனே கண்ணில் படாது. அதுதான் அதில் பெரிய சங்கடம். 85 எம்எம்மில் ஃபோகஸ் கண்ணைவிட்டு விலகினால் கேமராவின் பின்திரையிலேயே தெரிந்துவிடும். 16 எம்எம்மில் மேடை முழுக்க எடுத்த படம் அந்தச் சின்னத் திரையில் பளிச்சென்றுதான் இருக்கும். 12×36 ஆல்பம் ஷீட்டுக்கு டிசைன் போட உட்காரும்போதுதான் பொண்ணு மாப்பிள்ளை முகம் கரைந்து கிடப்பதும், பின்னால் இருக்கும் பூ அலங்காரத்தில் இதழ் இதழாக எண்ண முடிவதும் தெரியும். அதற்குள் கல்யாணம் முடிந்து மறுவீடும் போய் வந்திருப்பார்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை என்று கல்யாண ஸ்டில்ஸ் எடுப்பவன். கூடத் தொழில் செய்யும் தம்பிகள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “இன்னாண்ணா, ஒரு ஸ்டில்லு ஷார்ப்பா வருது, அடுத்தது அவுட்டாவுது. ஃபைன் டியூன்ல எவ்ளோ வெக்கணும்?” ஃபைன் டியூன் என்பது ஃபோகஸ் விழும் இடத்தை ஒரு எண்ணளவு முன்னாலோ பின்னாலோ நிரந்தரமாக நகர்த்தும் கேமரா மெனு. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. முதலில் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவேன்.

காரணம் இருக்கிறது. ஃபோகஸ் தப்பு இரண்டு வகை. எப்போதும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு விலகுவது ஒன்று. தடவைக்கு ஒரு மாதிரி விலகுவது இன்னொன்று. ஃபைன் டியூன் முதல் வகைக்கு மட்டும்தான் மருந்து. இரண்டாவது வகைக்கு அதைக் கொடுத்தால், சரியாக விழுந்துகொண்டிருந்த படங்களும் சேர்ந்து கெடும். ஆகவே எந்த வகை என்று தெரியும்வரை அந்த மெனுவைத் திறக்காதீர்கள். ஏற்கெனவே எண் ஏதாவது போட்டு வைத்திருந்தால் முதலில் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வைட் லென்ஸ் ஏன் தடுமாறுகிறது

டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸ் பார்ப்பது படம் பிடிக்கும் சென்சார் அல்ல. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அது ஒளியில் ஒரு பங்கைக் கீழே திருப்பிவிடும். கேமரா பாடியின் அடியில் உள்ள தனி ஃபோகஸ் சென்சார் அதை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டு, லென்ஸை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்று முடிவு செய்யும். வ்யூஃபைண்டரில் நாம் பார்க்கும் கட்டம் வெறும் அடையாளம்தான். சென்சார் உண்மையில் கவனிக்கும் பகுதி அந்தக் கட்டத்தைவிடப் பெரியது.

இதைக் கணக்காகப் பாருங்கள். 20 செ.மீ. உயர முகம், 4 மீட்டர் தூரம். 85 எம்எம் லென்ஸில் அந்த முகம் சென்சார் மேல் 4.25 மி.மீ. உயரத்தில் விழும். 16 எம்எம்மில் 0.8 மி.மீ. தான். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு துளி என்று புரியும். கட்டத்தை முகத்தின் மேல் நீங்கள் சரியாகத்தான் வைக்கிறீர்கள். ஆனால் அந்த இடத்துக்குள் முகத்தோடு பின்னணியும் நுழைந்துவிடுகிறது. அதில் எது அழுத்தமான கோடோ அதை ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும். நிக்கான் தன் வைட் லென்ஸ் கையேடுகளில் இதை ஒளிக்காமல் எழுதியே வைத்திருக்கிறது: தூரத்துப் பின்னணிக்கு முன்னால் நிற்பவர் கட்டத்துக்குள் சின்னதாகத் தெரிந்தால் பின்னணி ஃபோகஸாகலாம், பூ மண்டிய வயல்போல நுணுக்கமான விவரங்கள் நிறைந்த காட்சியிலும் தடுமாறலாம். நம் கல்யாண மேடையில் இந்த இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.

“வைட் லென்ஸில் டெப்த் (முன்னும் பின்னும் ஷார்ப்பாக வரும் ஆழம்) அதிகம், எல்லாம் ஷார்ப்பாகத்தான் வரும்” என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். 16 எம்எம், லென்ஸ் திறப்பு எஃப் 2.8, 2 மீட்டரில் ஃபோகஸ் என்றால் 1.2 மீட்டர் முதல் 5.8 மீட்டர் வரை ஷார்ப் என்று அட்டவணை சொல்லும். அந்த அட்டவணை சென்சார் மேல் 0.03 மி.மீ. மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்று வைத்துப் போட்டது. 36 மி.மீ. அகல சென்சாரை 36 அங்குல ஷீட்டாக இழுத்தால் 25 மடங்கு பெருக்குகிறோம். அந்த மங்கல் முக்கால் மி.மீ. ஆகிவிடும். கண் இமையில் முக்கால் மி.மீ. மங்கல் என்றால் பெண்ணின் அம்மாவே கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் செலவில்லாத சோதனைகள்

லென்ஸைக் கழற்றிப் பின்புறம் உள்ள தங்க நிறப் புள்ளிகளைப் பாருங்கள். கல்யாண வேலையில் மஞ்சள், குங்குமம், விபூதி, ஹோமப் புகையின் எண்ணெய்ப் பசை எல்லாம் விரல் வழியாக அங்கே போய்ச் சேரும். நூல் உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஒரு துளி மட்டும் தொட்டு லென்ஸ் புள்ளிகளையும், பாடியில் உள்ள புள்ளிகளையும் மெதுவாகத் துடையுங்கள். பாடியைத் துடைக்கும்போது அதன் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். பென்சில் ரப்பர் வேண்டாம். அதன் தூள் உள்ளே விழும், பூச்சும் தேயும்.

லென்ஸை மாட்டி லேசாகத் திருகிப் பாருங்கள். மிக லேசான ஆட்டம் இருக்கலாம். கடகடவென்று ஆடினால் மவுன்ட் திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபில்டரைக் கழற்றுங்கள். போலரைசர் போட்டிருந்தால் அது சர்குலரா லீனியரா என்று வளையத்தில் படியுங்கள். லீனியர் போலரைசர் டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸையும் மீட்டரையும் குழப்பும். பழைய ஃபிலிம் கேமராவோடு வந்ததை வீட்டில் கிடந்தது என்று மாட்டியிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டோக்கினா 11-16 போல ஃபோகஸ் வளையத்தையே முன்னும் பின்னும் தள்ளி ஆட்டோ, மேனுவல் மாற்றும் லென்ஸ் என்றால் வளையம் முழுதாகத் தள்ளப்பட்டிருக்கிறதா பாருங்கள். அந்த லென்ஸின் முதல் நிக்கான் பதிப்பில் மோட்டார் கிடையாது, பாடியில் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ். டி3000, டி5000 வரிசை பாடிகளில் அது ஓடாது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது மெனு. ஃபோகஸைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கும் ஏஎஃப்-சி முறையில் நிக்கான் பாடிகள் ரிலீஸ் முன்னுரிமையோடுதான் வரும். அதாவது ஃபோகஸ் பிடித்ததோ இல்லையோ, பட்டனை அழுத்தினால் படம் விழும். “ஒன்னு ஷார்ப், ஒன்னு அவுட்” புகாரில் ஒரு பங்கு இது மட்டும்தான். கஸ்டம் செட்டிங்கில் ஃபோகஸ் முன்னுரிமைக்கு மாற்றுங்கள். கேனான் என்றால் இதே முறைக்கு ஏஐ சர்வோ என்று பெயர், அதில் முதல் படத்துக்கான முன்னுரிமையை ஃபோகஸ் பக்கம் தள்ளுங்கள். கேமரா தானாகப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டோ ஏரியாவை வைட் லென்ஸில் அணைத்துவிடுங்கள். அது பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். மேடையில் கிட்டத்தில் இருப்பது தாம்பாளமும் குத்துவிளக்கும்.

டெஸ்ட்

இதை அவசரமாகச் செய்யக் கூடாது. கல்யாண சீசன் நடுவில் இரண்டு வேலைக்கு இடையே செய்வதைவிட, ஆடி மாதத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

செய்தித்தாளில் வரி விளம்பரப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொடி எழுத்து, நல்ல கறுப்பு, எல்லாத் திசையிலும் கோடு. இதைவிட நல்ல இலக்கு கடையில் கிடைக்காது. ஜன்னல் வெளிச்சம் படும் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். அதன் அடியில் ஒரு மேசை போட்டு, தாளின் கீழ் விளிம்பை ஒட்டிக் கேமராவை நோக்கி வரும்படி இஞ்சி டேப்பை விரித்து வையுங்கள். தாள் சுவரிலிருந்து ஓரடியாவது முன்னால் இருந்தால் இன்னும் நல்லது. அட்டையில் ஒட்டி மேசை நடுவில் நிறுத்தினால், ஃபோகஸ் முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்று இரண்டு பக்கமும் டேப்பில் படிக்கலாம். ஃபோகஸ் பிடிக்க வேண்டியது தாளில். சாய்ந்திருக்கும் டேப்பில் ஃபோகஸ் பிடித்தால் எந்த எண்ணில் பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேமரா டிரைபாடில், தாளுக்கு நேராக. தூரம் லென்ஸ் குவியத் தூரத்தின் (லென்ஸின் எம்எம் எண்) 50 மடங்கு: 24 எம்எம்முக்கு 1.2 மீட்டர், 16 எம்எம்முக்கு 80 செ.மீ. அதோடு நிற்காமல், நீங்கள் உண்மையில் வேலை செய்யும் 2, 3 மீட்டரிலும் ஒரு தொகுதி எடுங்கள். வைட் லென்ஸில் கிட்டத்தில் சரியாக இருப்பது தூரத்தில் விலகலாம். லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்து, நடுப்புள்ளி, ஒரு தடவை பிடித்ததும் ஃபோகஸை நிறுத்திவிடும் ஒன் ஷாட் (கேனான்) அல்லது ஏஎஃப்-எஸ் (நிக்கான்), முழுத் திறப்பு, இரண்டு விநாடி டைமர்.

முதலில் லைவ் வ்யூவில், அதாவது பின்திரையில் பார்த்தபடி, பத்து மடங்கு பெருக்கி, கையால் ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். இந்த லென்ஸால் இவ்வளவுதான் முடியும் என்று காட்டும் உரைகல் அது. பிறகு வ்யூஃபைண்டர் வழியாகப் பத்துப் படம். ஒவ்வொன்றுக்கும் முன் லென்ஸைக் கையால் கலைக்க வேண்டும்: ஐந்து தடவை இன்ஃபினிட்டிக்குத் திருப்பிவிட்டு, ஐந்து தடவை மிகக் கிட்டத்துக்குத் திருப்பிவிட்டு. இந்தப் பிரிவை விட்டுவிடாதீர்கள். பாதி விஷயத்தை இதுதான் சொல்லும்.

படங்களைக் கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்தில் வையுங்கள். வரி விளம்பரத்தில் “வாடகைக்கு” என்ற சொல்லில் “கை”யின் வளைவைப் பாருங்கள். உரைகல் படத்தில் அந்த வளைவுக்குள் வெள்ளை தெரியும். ஃபோகஸ் விலகிய படத்தில் வளைவு அடைத்துக்கொள்ளும். பிறகு டேப்பில் எந்த எண் தெளிவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தும் ஒரே பக்கம் விலகியிருந்தால் அது அளவுப் பிழை. ஃபைன் டியூன் செய்யலாம்.

இன்ஃபினிட்டியிலிருந்து வந்த ஐந்தும் ஒரு பக்கம், கிட்டத்திலிருந்து வந்த ஐந்தும் மறுபக்கம் என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்தால் லென்ஸின் மோட்டாரிலோ பல்சக்கரத்திலோ தளர்வு இருக்கிறது. மெனுவில் எந்த எண்ணும் இதைத் தீர்க்காது. சர்வீஸ்தான்.

ஒழுங்கே இல்லாமல் சிதறினால், ஒளியைக் கூட்டி அதே டெஸ்டைத் திரும்ப எடுங்கள். வெயில் வெளிச்சத்தில் சரியாகி, டியூப் லைட்டில் சிதறினால் குறை உங்கள் லென்ஸில் இல்லை. ஃபோகஸ் சென்சாருக்கு வெளிச்சம் போதவில்லை. வெளிச்சத்திலும் சிதறினால் வேறு பாடியில் மாட்டிப் பாருங்கள். வேறு பாடியிலும் சிதறினால் லென்ஸ், இல்லையென்றால் பாடி. இதற்குத்தான் தொழிலில் நண்பர்கள் வேண்டும்.

லைவ் வ்யூவில் எடுத்த உரைகல் படமே ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் அது ஃபோகஸ் விஷயமே அல்ல. லென்ஸுக்குள் கண்ணாடி சாய்ந்திருக்கிறது. இதை உறுதி செய்ய வேலூர்க் கோட்டை அகழிக்கு இந்தப் பக்கம் வெளியே நின்று, எதிரே நீளமாக ஓடும் கருங்கல் மதிலை நேராகப் பார்த்து எஃப் 2.8-இல் ஒன்று, எஃப் 8-இல் ஒன்று எடுப்பேன். இடது ஓரக் கல்லின் விளிம்பையும் வலது ஓரக் கல்லின் விளிம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மறைக்க முடியாது. இரண்டு ஓரமும் சமமாக மங்கினால் லென்ஸின் இயல்பு. ஒன்று மட்டும் மங்கினால் சாய்வு. விரிஞ்சிபுரம் கோயில் மதிலும் இதற்கு நல்லது, மதிலழகுக்குப் பேர் போன ஊர் அது. கோட்டைக்குள் டிரைபாட் விரிக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். இந்த டெஸ்டைக் காலை வெயிலில் கையிலேயே எடுக்கலாம்.

ஃபைன் டியூன் செய்வதானால்

கேனான், நிக்கானின் நடுத்தர, மேல்தட்டுப் பாடிகளில் ±20 வரை இருக்கும். 1500டி, டி3500, டி5600 போன்றவற்றில் இல்லை. ஐந்து ஐந்தாக நகர்த்தி, ஒவ்வொரு எண்ணுக்கும் சில படங்கள் எடுத்து, பிறகு ஒன்றொன்றாக நெருங்குங்கள். ஜூம் லென்ஸ் என்றால் கேனானின் 5டி மார்க் 3 போன்ற பாடிகளில் வைட் முனைக்கும் டெலி முனைக்கும் தனித்தனி எண் போடலாம். ஒரே எண்தான் போட முடியும் என்றால் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் முனைக்குச் சரிசெய்யுங்கள். சிக்மாவின் ஆர்ட் வரிசை லென்ஸ்களுக்கு, லென்ஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி டாக் கிடைக்கும். அதில் ஜூமுக்கு நான்கு குவியத் தூரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு தூரம் என்று பதினாறு இடத்தில் திருத்தலாம். டாம்ரானுக்கு டாப்-இன் கன்சோல். பொறுமை உள்ளவர்களுக்கு இது பெரிய வரம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒளியின் நிறம் மாறினால் ஃபோகஸ் விழும் இடமும் கொஞ்சம் மாறும். சிவப்பும் நீலமும் லென்ஸுக்குள் ஒரே இடத்தில் குவிவதில்லை. பகல் வெளிச்சத்தில் போட்ட எண் மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் தப்பாகலாம். நம் வேலை பாதிக்குமேல் மண்டபத்துக்குள் என்பதால், அந்த வெளிச்சத்திலும் ஒரு தடவை சோதித்து, இரண்டுக்கும் பொதுவான எண்ணை வையுங்கள்.

மண்டபத்தில்

இப்போது எல்லா மேடையிலும் பின்னால் எல்இடி வால். ஆயிரக்கணக்கான புள்ளிகள், ஒரே இடைவெளியில், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். ஃபோகஸ் சென்சாருக்கு அதைவிடப் பிடித்தமானது உலகத்தில் இல்லை. முன்னால் மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பிடிக்க ஒரு கோடு கிடையாது. கட்டத்தை நெஞ்சில் வைக்காதீர்கள். மாலையின் விளிம்பும் சட்டையும் சேரும் இடம், அல்லது பொண்ணின் புடவை பார்டர். பார்டரில் வைக்கும்போதும் பின்னணி கட்டத்துக்குள் எட்டிப் பார்க்காதபடி உடலின் நடுப்பக்கமாக வையுங்கள்.

தாலி கட்டும் நேரம் தனி. கெட்டிமேளம் ஆரம்பித்ததும் நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கும், சித்தி பெரியம்மா கைகள் குறுக்கே நீளும். ஏஎஃப்-சியில் இருந்தால் குறுக்கே வந்த கைக்கு ஃபோகஸ் ஓடிவிடும். டிராக்கிங் உணர்திறனைத் தாமதப் பக்கம் வையுங்கள். நான் செய்வது இன்னும் எளிது: தாலி எடுத்துக் கொடுக்கும்போதே நாத்தனார் கை முடிச்சுப் போடும் இடத்தில் ஏஎஃப்-ஆன் பட்டனால் ஃபோகஸ் பிடித்து, விரலை எடுத்துவிட்டு, அதன்பின் நகராமல் நின்று எடுப்பேன். ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்து வைத்தால்தான் இது முடியும்.

நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃப்ரேம் அமைக்கும் பழக்கம் 50 எம்எம்மில் பெரிதாகத் தெரியாது, வைட்டில் கெடுக்கும். 24 எம்எம் எஃப் 1.4, ஆள் 2 மீட்டரில், 30 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் ஆளுக்குப் பின்னால் 27 செ.மீ. போய்விடும். அந்தத் திறப்பில் ஆளுக்கு முன்பக்கம் கிடைக்கும் டெப்த்தே 25 செ.மீ. தான். போதாததற்கு வைட் லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் தளம் தட்டையாக இருக்காது, ஓரத்தில் வளையும். ஆள் நிற்கும் இடத்துக்குப் புள்ளியை நகர்த்துங்கள். ஓரப் புள்ளிகள் பலவீனமான பாடி என்றால் நடுவில் வைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு கிராப் செய்யுங்கள்.

இருட்டான ரிசப்ஷனில் ஃபிளாஷின் சிவப்புக் கோடு உதவும். ஆனால் அது ஒன் ஷாட், ஏஎஃப்-எஸ்ஸில்தான் வரும். பாடியில் உள்ள உதவி விளக்கை நம்பினால் வைட் லென்ஸின் ஹுட்டைக் கழற்றுங்கள். ஹுட் அந்த விளக்கை மறைக்கும்.

ஊர்வலம், செண்டை மேளம், கூட்டத்துக்குள் நுழைந்து எடுப்பது என்றால் ஆட்டோஃபோகஸையே அணைத்துவிடுவேன். கிராப் பாடி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்), 11 எம்எம், எஃப் 5.6, 2 மீட்டரில் வைத்து டேப் ஒட்டிவிட்டால் 70 செ.மீ. முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அட்டவணைப்படி ஷார்ப். பெரிய ஷீட்டுக்குப் போகும் படம் என்றால் எஃப் 8.

மிரர்லெஸ்

இந்தக் கேமராக்களில் கண்ணாடி கிடையாது. ஃபோகஸைப் படச் சென்சாரே பார்ப்பதால் முன், பின் விலகும் அளவுப் பிழை இங்கே ஏறக்குறைய இல்லை. வேறு ஒன்று இருக்கிறது: பெரும்பாலான பாடிகளில் சென்சார் மேல் உள்ள ஃபோகஸ் புள்ளிகள் செங்குத்துக் கோடுகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். கோயில் படிக்கட்டு, மண்டபத்தின் கிடைமட்டக் கைப்பிடி, மடித்த வேட்டிக் கரை என்றால் தேடும். கேமராவைச் சற்றுச் சாய்த்து ஃபோகஸ் பிடித்து, பிறகு நேராக்குங்கள். கண் பிடிக்கும் வசதியும் முகம் போதிய அளவு பெரிதாக இருந்தால்தான். குரூப் போட்டோவில் அதை நம்ப வேண்டாம்.

வெயிலும் ஏசியும்

வேலூர் வெயிலை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரிக்கு மேல் போகும் ஊரில் காரின் பின்சீட்டில் லென்ஸை விட்டால் உலோகமும் கண்ணாடியும் விரியும், கிரீஸ் இளகும். ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவும் இன்ஃபினிட்டியைத் தாண்டிக் கொஞ்சம் திரும்புவது இந்த விரிவுக்கு இடம் கொடுக்கத்தான். ஆகவே விடியற்காலையில் மலையை எடுக்கிறேன் என்று வளையத்தை முட்டும்வரை திருப்பாதீர்கள். லைவ் வ்யூவில் மலைமேல் ஒரு விளக்கைப் பெருக்கி ஃபோகஸ் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏசி ரூமிலிருந்து ஈரக் காற்றுக்கு வந்தால் முன்கண்ணாடியில் பனி படரும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமே ஃபோகஸைத் தேட வைக்கும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்து, பிறகு திறங்கள்.

சர்வீஸுக்குக் கொடுப்பதானால்

லென்ஸை மட்டும் அனுப்பாதீர்கள், பாடியும் சேர்ந்து போக வேண்டும். காட்பாடியில் காலை ரயிலேறிச் சென்னைக்கு நேரில் கொண்டுபோவது கூரியரைவிட நல்லது, எதிரில் நின்று பேசலாம். “ஃபோகஸ் சரியில்ல” என்று மட்டும் சொன்னால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். உரைகல் படத்தையும் பத்து டெஸ்ட் படங்களையும் எடிட் செய்யாமல் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தக் குவியத் தூரம், எத்தனை மீட்டர், இன்ஃபினிட்டியிலிருந்து வந்தபோது டேப்பில் எந்த எண் தெளிவு, கிட்டத்திலிருந்து வந்தபோது எந்த எண், வேறு பாடியில் எப்படி. பாடியில் ஃபைன் டியூன் பூஜ்ஜியத்தில் இருக்கிறது என்பதையும் அதில் எழுதுங்கள். திரும்பி வந்ததும் அதே வரி விளம்பரத் தாளில் அதே டெஸ்டை எடுத்து, பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு அந்த லென்ஸை எடுத்துப் போங்கள்.